வெறும் முப்பத்தைந்து

அவளிடம் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. டீக்கடையில் ஒருவர் துண்டால் விசிறிக்கொண்டே, "இன்னைக்கு வெயில் முப்பத்தெட்டாம்" என்று பொதுவாகச் சொல்வார். இவள் டம்ளரைக் கீழே வைப்பாள். "எங்க வச்சுப் பாத்தது அண்ணா? நிழல்லயா, வெட்டவெளியிலயா? எத்தனை மணிக்கு?" அந்த மனிதர் பாவம், பேச்சுக்குச் சொன்னவர். டீயை அரைகுறையாகக் குடித்துவிட்டு நகர்ந்துவிடுவார். "ஏட்டி, உனக்கு இது தேவையா?" என்று நான் இடிப்பேன். "வெறும் முப்பத்தெட்டுன்னா நான் என்னத்தக் கண்டேன்?" என்பாள், உண்மையாகவே குழம்பிப்போன முகத்தோடு.

நாகர்கோவிலில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. சுனாமிக்குப் பிறகு கடலையும் காற்றையும் அளக்க எங்கிருந்தெல்லாமோ கருவிகள் வந்திறங்கியபோது, அவை தருகிற கணக்குகளை ஓரிடத்தில் சேர்த்துவைக்கத் திறந்த ஆபீஸ் அது. மொத்தம் நாலு பேர். அவளும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே வயது. அவள் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. வீட்டில் அம்மாவும் ஒரு தம்பியும். தம்பி வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். நான் அருமனைக்காரி, ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவள். கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றும்.

வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பெயர் மாற்றுகிற வேலை. இன்னும் ஐம்பது வருடம் கழித்து மழையும் வெப்பமும் எப்படி இருக்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கிற நிறுவனங்கள் பல உண்டு. ஒவ்வொன்றும் ஒரே பொருளுக்குத் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கும். கடலின் மேல்பரப்பு வெப்பத்துக்கு மட்டும் எங்களுக்கு வந்த கோப்புகளில் ஏழு பெயர்கள் இருந்தன. ஒருவர் 'வெப்பம்' என்று மட்டும் போட்டிருப்பார். அது தண்ணீருடையதா, தண்ணீருக்கு மேலே உள்ள காற்றுடையதா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். எல்லாருக்கும் பொதுவான பட்டியல் ஒன்று அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. எந்தப் பொருள், எந்த உயரத்தில், எந்த அலகில், எத்தனை நேரச் சராசரி என்பது பெயரைப் பார்த்தாலே தெரியவேண்டும். வருகிற கோப்புகளை அந்தப் பட்டியலின்படி மாற்றிவைப்பது எங்கள் பொறுப்பு. எனக்கு அது சம்பளத்துக்குச் செய்த வேலை. அவளுக்கு அப்படியில்லை.

பெயர்களை ஒத்துக்கொள்வதற்கென்றே அவ்வப்போது கூட்டம் நடக்கும். முதல் கூட்டத்துக்குத் திருவனந்தபுரத்துக்கு நானும் அவளோடு போனேன். பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் ஒரு பெயருக்காக மதியச் சாப்பாட்டை ஆறப்போட்டுச் சண்டை பிடித்தார்கள். இருபது வருடமாகத் தான் வைத்திருக்கும் பெயரை ஏன் மாற்றவேண்டும் என்று ஒருவர் மேசையைத் தட்டினார். கடைசி வரிசையிலிருந்து இவள் எழுந்தாள். தன் ஊரில் கடலுக்கடியில் உள்ள பாறைக்கு எப்படி இடம் சொல்வார்கள் என்று இங்கிலீஷில் விளக்கினாள். கடலில் நின்று கரையைப் பார்த்தால் இந்தக் கோபுரத்துக்கு நேர் பின்னால் இந்த மலை தெரியவேண்டும், அந்தப் பனைக்குப் பின்னால் அந்தக் குன்று தெரியவேண்டும், அதுதான் இடம். எந்தக் கோபுரம், எந்த மலை என்பதை எல்லா வள்ளக்காரர்களும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். "எனக்கு எங்கள் ஊர்க் கோபுரம்தான் அழகு. அதற்காக அதைச் சொன்னால் அடுத்த ஊர்க்காரன் வலை பாறையில் சிக்கிக் கிழிந்துபோகும்" என்றாள். மேசையைத் தட்டியவர் தண்ணீர் குடித்தார்.

அந்த இரண்டு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. ரயிலில் திரும்பும்போது, "உனக்குக் கூச்சமா இல்லியாட்டி? அவங்க முன்னால தப்பா வந்துட்டா?" என்று கேட்டேன். "வந்தா வந்துட்டுப் போவட்டு. அவங்க என் இங்கிலீஷைத் திருத்தினா திருத்தட்டு, என் எண்ணைத் திருத்தினாத்தான் பிரச்சினை" என்றாள். நான் சிரித்தேன். ஆனால் எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையை அவள் அம்மாவே என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் பெருமையாக, "பையன் அஞ்சு வருஷமா மஸ்கட்ல" என்றிருக்கிறார்கள். காபித் தட்டோடு நின்றவள், "லீவுக்கு வந்ததைக் கழிச்சா, கழிக்காமலா?" என்று கேட்டுவிட்டாள். வந்தவர்கள் அதற்கு வேறு என்னவோ அர்த்தம் எடுத்துக்கொண்டு பலகாரத்தைத் தொடாமல் எழுந்துபோனார்கள். "ரெண்டு மாசம் கூடக் குறைய இருக்கும். அதுக்குப் போயி ஒரு சம்பந்தத்தக் கெடுத்துப்போட்டாளே மக்களே" என்றார் அம்மா. தம்பி வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவன், "கழிச்சா எத்தனைன்னு கடைசி வரைக்கும் அவங்க சொல்லவே இல்லம்மா" என்றான். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் கம்பெனி ஒன்று தினமும் காற்றின் வேகத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்துத் துறைமுகத்துக் கணக்கைவிட அது எப்போதும் கூடுதலாக இருக்கும். அது மலைக் கணவாய், காற்று அதிகம்தானே என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே கருவி ஐம்பது மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில் இருந்திருக்கிறது. மற்ற எல்லாம் பத்து மீட்டர். "காத்து எங்க இருந்தாலும் காத்துதானே மேடம்" என்றாராம் அந்தக் கம்பெனிக்காரர். "எங்க தம்பி தலைக்கு மேல அம்பது மீட்டர்ல அடிக்கற காத்து அவனை ஒண்ணும் செய்யாது சார்" என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஏழு மாதக் கோப்புகளைத் திரும்ப எடுத்து ஒவ்வொன்றின் பெயரிலும் உயரத்தைச் சேர்த்தோம். எனக்கு அவள்மேல் கொலைவெறி வந்தது.

இன்னொரு வழக்கம். மழைமானி பழுதாகி நின்ற நாட்களில் நாங்கள் பூஜ்யம் என்று போட்டுவிடுவோம். கட்டம் காலியாக இருந்தால் கணினி முரண்டு பிடிக்கும். அவள் அதை விடமாட்டாள். "மழை இல்லைன்னா பூஜ்யம். பாக்கலைன்னா தெரியாது. ரெண்டும் ஒண்ணா? தெரியாதுன்னு எழுத உனக்கு என்னட்டி கஷ்டம்?" ஊகித்து எழுதுவதை அவள் பொய் சொல்வதோடு சேர்த்துத்தான் வைத்திருந்தாள்.

தம்பி சாயங்காலம் வள்ளம் இறக்கினால் மறுநாள்தான் கரை திரும்புவான். அப்படிப் போகிற நாட்களில் மதியம் மூன்று மணி வாக்கில் அவளுக்குப் போன் செய்வான். "அக்கா, காத்து எப்பிடி?" எங்கள் கோப்புகள் எச்சரிக்கை கொடுப்பதற்கானவை அல்ல. ஆனால் ஒரு நிறுவனம் தன் கணினி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, மறுநாள் காற்றையும் கணித்து எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் அதை நிஜக் காற்றோடு ஒப்பிட்டுத் திருப்பி எழுதுவோம். அவள் அதைப் பார்த்துத்தான் தம்பிக்குச் சொல்வாள். வேகம், திசை, எத்தனை மணிக்கு என்று முழுசாகச் சொல்வாள். அவன் அங்கே மற்ற வள்ளக்காரர்களுக்கு அப்படியே ஒப்பிப்பான்.

2011 ஆனி மாதத்தில் ஒரு நாள். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த நிறுவனத்தின் கோப்பு வந்தது. அனுப்பியவர் பெயர் புதிது. வழக்கமாக வரும் நீளமான பெயருக்குப் பதிலாக 'காற்று' என்று மட்டும் போட்டு, கீழே எண்கள். எங்கள் கடலுக்கு நேராக மறுநாள் காலையில் முப்பத்தைந்து. அலகு இல்லை. மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் என்றால் வழக்கமான ஆனிக் காற்று, வள்ளங்கள் போகும். கப்பல்காரர்கள் சொல்கிற நாட் கணக்கு என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்போது யாரும் போகக்கூடாது. அதுவரை அவர்கள் கிலோமீட்டரில்தான் அனுப்பியிருந்தார்கள்.

"கிலோமீட்டராத்தான் இருக்கும்" என்றேன் நான்.

"இருக்கும்னு சொல்லாத. அங்க போன்ல விளிச்சுக் கேளு. நான் துறைமுகத்துக் கோப்பை இப்ப அனுப்பியாகணும்" என்றாள். அந்த நேரத்தில் அவள் செல்லுக்குத் தம்பியின் போன் வந்தது. "ஒரு எண்ணு இருக்கு மக்கா, என்னன்னு தெரியல. கேட்டுக்கிட்டு இருக்கோம். அஞ்சரை வரைக்கும் நில்லு, நான் விளிக்கேன்" என்றாள்.

வெளியூர் பேசுகிற ஆபீஸ் போன் முன்னறையில் இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். முன்பு ஒருமுறை அதே நிறுவனத்துக்கு நான் பேசியிருக்கிறேன். எதிர்முனையில் இருந்தவர் மூன்று தடவை என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு போனைக் கையால் மூடாமலே பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது. ரிசீவரை எடுத்தேன். நாலு எண்ணை அழுத்தினேன். வைத்துவிட்டேன். அதே அறையில் இருந்த கணினிக்கு நகர்ந்து, பிழை இருக்கிறதா என்று மூன்று முறை படித்துப் பார்த்து, மரியாதையாக ஐந்து வரியில் ஒரு மெயில் அனுப்பினேன்.

"விளிச்சியா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"விளிச்சேன். யாரும் எடுக்கல. மெயிலும் போட்டிருக்கேன்."

"பிறவும் விளி, எடுக்கற வரைக்கும் விளி."

சரி என்றேன். அவள் அங்கே வேலையில் மூழ்கியிருந்தாள், நான் இங்கே மெயில் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு மறுபடி கேட்டாள். எடுக்கவில்லை என்றேன். ஆபீஸ் முடிந்திருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஐந்தரைக்குத் தம்பியை அழைத்தாள். பேச்சை நான் கேட்டேன்.

"பதில் வரல மக்கா. எனக்குத் தெரியாது."

அவன் என்னவோ கேட்டான்.

"தெரியாதுன்னா தெரியாதுதான். போன்னும் சொல்ல மாட்டேன், போவாதன்னும் சொல்ல மாட்டேன். உனக்கு எப்பிடித் தோணுதோ பாத்துக்கோ."

மறுநாள் விடியும்போது காற்று எழுந்தது. அருமனையில் எங்கள் வீட்டுப் பின்புறம் ரப்பர் மரம் முறிந்து விழுந்த சத்தத்தில்தான் நான் விழித்தேன். அவன் வள்ளம் கவிழ்ந்தது. கூட இருந்த இரண்டு பேர் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்து மதியம் கரை சேர்ந்தார்கள். அவன் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காலை பத்து மணிக்கு அந்த நிறுவனத்திலிருந்து என் மெயிலுக்குப் பதில் வந்திருந்தது. ஒரே வார்த்தை: நாட்.

நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்கு நான் போனேன். கோயிலிலிருந்து வந்ததும் அவள் அம்மா எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துக் கேட்டார்: "உனக்குத் தெரியலன்னா போவாதன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? உன் வாயில அது வரலியா?" அவள் எழுந்து வெளியே போனாள். பின்பக்கம் கிணற்றடியில் என்னிடம் சொன்னாள்: "ரெண்டுல பெரிசை எடுத்திருந்தாப் போதும்டி. தப்பாப் போனாலும் ஒரு நாள் மீனுதான் போயிருக்கும். நான் கணக்குப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க போனையே எடுக்கல, நீ என்ன செய்வ?" என்றேன். சொல்லும்போது என் குரல் நடுங்கக்கூட இல்லை. ஒருமுறை சொன்ன பொய்யையே அவளுக்கு ஆறுதலாகவும் எடுத்துக் கொடுத்தேன். இதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது.

வேலைக்குத் திரும்பியவள் முன்னைவிட மூர்க்கமானாள். டீக்கடையில் யாரையும் கேள்வி கேட்பதில்லை, ஆனால் கோப்புகளில் ஒன்றையும் விடவில்லை. அலகும் உயரமும் பெயரில் இல்லாத எந்தக் கோப்பையும் எந்த ஆபீஸும் அனுப்பவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று ஒரு தீர்மானம் எழுதினாள். எழுதி, அடித்து, எல்லாருக்கும் அனுப்பி, வசவு வாங்கி, மறுபடி எழுதி இரண்டு வருடம் ஓடியது. 2013இல் வடக்கே நடந்த கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

திரும்பி வந்த அன்று மதியம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். "ஒத்துக்கிட்டாவ" என்றாள். கை தட்டவேண்டும்போல் இருந்தது எனக்கு. அவள் முகத்தில் சந்தோஷம் இல்லாததால் சும்மா இருந்தேன். டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"ஏட்டி, அன்னைக்கு நீ எத்தனை வட்டம் விளிச்ச?"

என்றைக்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "மூணு வட்டம்" என்றேன், நிஜமாகவே மூன்று தடவை கூப்பிட்டவள் மாதிரி.

அவள் தலையை ஆட்டினாள். அவள் அம்மா வைத்த நெய்மீன் குழம்பிலிருந்து எப்போதும்போல நடுத்துண்டை எடுத்து என் சோற்றில் வைத்தாள். துக்கம் மறுபடி கிளம்பிவிட்டது, அதனால் கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வெளி ஆபீஸ்களுக்குப் பேசுகிற வேலை ஒன்றையும் அவள் எனக்குத் தரவில்லை. எல்லாப் போனும் அவளே செய்தாள். என் கூச்சம் தெரிந்து உதவுகிறாள் என்று அதற்கும் ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்தேன். ஆபீஸை மூடும்வரை இன்னும் மூன்று வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். பிறகு அவள் சென்னைப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

எனக்கு ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலை ஆபீஸில் வேலை கிடைத்தது. 2018இல் அங்கே கருவி பார்க்க வடக்கிலிருந்து ஒருவர் வந்தார். பேச்சுவாக்கில், 'நாட்' என்று பதில் போட்ட அந்த நிறுவனத்தில் முன்பு இருந்தவர் என்று தெரிந்தது. அந்தக் கோப்பை அனுப்பிய புது ஆள் அவர்தான். அவளைப் பற்றி அவராகவே விசாரித்தார். 2013 கூட்டத்தில் அவள் தன்னைத் தனியாக அழைத்து, குறிப்பிட்ட அந்த நாளில் மாலை உங்கள் போன் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டாளாம்.

"நான்தான் இருந்தேன். அன்று என் மனைவிக்குப் பிரசவம். ஊரிலிருந்து போன் வரும் என்று மதியத்திலிருந்து ஏழு மணி வரை நாற்காலியை விட்டு எழவில்லை. மெயில்கூடத் திறந்து பார்க்கவில்லை. உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை என்று சொன்னேன்" என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு, என்ன குழந்தை, என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டாளாம்.

அன்று மாலை கம்பங்களுக்கு நடுவே நின்றுகொண்டு அவளுக்குப் போன் செய்தேன். இந்த முறை எல்லா எண்ணையும் அழுத்தினேன். அவள் எடுத்ததும் நலம் விசாரிக்காமல் சொன்னேன்: "நான் அன்னைக்கு விளிக்கவே இல்லட்டி. ஒரு வட்டம்கூட விளிக்கல. பேசப் பயமா இருந்தது."

"தெரியும்" என்றாள்.

நான் அழுதேன். அவள் என்னை அழவிட்டாள். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன், பரவாயில்லை என்று சொல்லிவிடுவாளோ என்றும் காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை.

"ஒண்ணு உனக்குத் தெரியாது" என்றாள். அவள் குரல் அமைதியாக இருந்தது. "அஞ்சரைக்கு நான் தெரியாதுன்னு சொன்ன பிறவும் அவன் உடனே வள்ளத்தை இறக்கல. கூட உள்ளவங்க ஏசியிருக்காங்க. அக்கா ஆளு விட்டுக் கேக்கா, இப்ப பதில் வந்துரும்னு சொல்லிட்டு, போனைக் கையில வச்சுக்கிட்டு மணல்ல இன்னும் கால் மணிக்கூர் நின்னிருக்கான்டி."